ஆறு மணிக்கு ஏறி ஆறு மணிக்கு இறங்குகிறவர்

நான் அவுஸ்திரேலியாவுக்கு ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு மாப்பிள்ளையை விசாரிக்கப் போனேன். அந்த மாப்பிள்ளையும் அங்கே இல்லை. அவர் இருந்தது ஆபிரிக்காவில். அவருடைய தாய் சிட்னியில், பெண் மெல்பேணில், பெண்ணின் பெரியம்மாவான நான் பருத்தித்துறையில். இப்படி ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு கலியாணம் பேசினால் யாரை யார் விசாரிப்பது? அதுதான் நானே வெளிக்கிட்டேன்.

பெண் என் தங்கையின் மகள் யமுனா. தங்கை இப்போது இல்லை. யமுனா மெல்பேணில் கிளேட்டன் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். சேந்தன் என்ற இந்தப் பையனைத் தானே கண்டு, தானே பழகி, கடைசியில் எனக்கு ஃபோன் எடுத்தாள். "பெரியம்மா, நீங்கள் ஓம் எண்டால் செய்வன். இல்லையெண்டால் விட்டிடுவன்" என்றாள். கேட்கப் பெருமையாக இருந்தது. பிறகு இரண்டு நாள் நித்திரை வரவில்லை.

நான் சந்தேகக்காரி என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். என் தங்கையின் புருஷன் கொழும்பில் வேலை செய்தார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பாதை பூட்டிவிட்டார்கள், இந்த மாதம் வர ஏலாது என்று சொல்லி அனுப்புவார். அதே நாளில் அடுத்த வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வந்து இறங்கி முற்றத்தில் நின்று பல் தீட்டுவார். கடைசியில் பார்த்தால் சிலாபத்தில் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும். அன்றிலிருந்து எந்த ஆம்பிளை தூரத்தில் வேலை என்று சொன்னாலும் நான் கேட்பது இரண்டு கேள்வி: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்.

சிட்னி விமான நிலையத்தில் என் பையைத் திறந்து, பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் பொட்டலத்தை வெளியே எடுத்தார்கள். சீருடை போட்ட ஒரு பெண் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இது மரமா, கிழங்கா என்று கேட்டாள். என்னைக் கூட்டிப்போக மெல்பேணிலிருந்து வந்திருந்த யமுனா வெளியே நின்றாள், உதவிக்கு ஆளில்லை. நான் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்துக் காட்டினேன். அவள் என் பல்லைப் பார்த்துச் சிரித்தாள். ஒடியலைத் தரவில்லை. சிரித்துக்கொண்டே பறிக்கிற நாடு இது என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் யமுனா கட்டிப்பிடித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"மணிக்கூட்டை மாத்துங்கோ பெரியம்மா. இங்க இப்ப காலமை பத்து மணி."

"எனக்கு இன்னும் விடியேல்லை" என்றேன். ஊர் நேரத்தை மாற்ற எனக்கு மனமில்லை. வீட்டில் எந்த நேரம் விளக்கு வைக்கிறார்கள், எந்த நேரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள் என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது.

அடுத்த நாள் வென்ற்வேத்வில் என்ற இடத்துக்குப் போனோம். சேந்தனின் தாய் பவானியின் வீடு அங்கே. தெருவில் தமிழ்க் கடை, சேலைக் கடை, கடை வாசலில் கறிவேப்பிலைக் கன்று. கன்றுக்கு நம்முடைய ஊரில் விலை சொன்னால் அடிப்பார்கள். எங்களை ஏற்றிப்போன வாடகைக் காரை ஓட்டியவர் ஆபிரிக்கர். யமுனாவிடம் மெதுவாகச் சொன்னேன், லேகோஸிலிருந்து அக்ரா எவ்வளவு தூரம் என்று இவரிடம் கேள் என்று. ஏனென்றால் மாப்பிள்ளை லேகோஸில் வேலை செய்துகொண்டு ஒவ்வொரு கிழமையும் அக்ராவுக்குப் போய் வருகிறார் என்று அதற்குள் அறிந்திருந்தேன். யமுனா முகம் சிவந்தாள். ஆனாலும் கேட்டாள். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள்: "அம்மா, நான் எத்தியோப்பியா. நீங்கள் கேட்கிற இடம் ஆபிரிக்காவின் மற்றப் பக்கம். லண்டனில் இருக்கிறவரிடம் மொஸ்கோவுக்கு வழி கேட்பீர்களா?"

நியாயம்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் தேடுவதை விடவில்லை.

பவானி என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். வாசலிலேயே "வாங்கோ அக்கா" என்று கையைப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது. நெற்றியில் பொட்டில்லை. சேந்தன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தகப்பன் தவறிவிட்டார் என்று யமுனா சொல்லியிருந்தாள். வீடு துப்புரவு. கதிரைகளுக்கு உறை. குசினியிலிருந்து இறால் வடை மணம். மேசையில் வடை, கட்லட், பயற்றம் பணியாரம், எல்லாம் எனக்காகச் செய்தது.

"கை நனையுங்கோ அக்கா."

"சம்பந்தம் சரிவரட்டும் தங்கச்சி. பிறகு சட்டியோட சாப்பிடுறன்."

எங்கள் பக்கத்தில் முடிவு சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டில் தண்ணீரும் குடிப்பதில்லை. பவானிக்கு அது தெரியும், கோபிக்கவில்லை. யமுனாதான் வடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் இறால் வடையை மறுத்தது எனக்கும் இலேசாக இருக்கவில்லை.

சாப்பிடாமல் இருந்ததால் கண் சும்மா இருக்கவில்லை. சுவரைச் சுற்றிப் பார்த்தேன். பிள்ளையார் இருந்தார், முருகன் இருந்தார், சேந்தன் பட்டம் வாங்கிய படம் இருந்தது. தகப்பனின் படம் இல்லை. எங்கள் வீடுகளில் செத்தவர் ஒருவர் சுவரில் மாலையோடு இருப்பார். பக்கத்தில் சின்னச் சிவப்புக் குமிழ் எரியும். ஓலைக் கொட்டிலில் இருக்கிறவர்களும் அந்தப் படத்தை வைத்திருப்பார்கள்.

"உங்கட அவரின்ரை படத்தைக் காணேல்லை?"

"வீடு மாறேக்க உடைஞ்சு போச்சு அக்கா."

"படம் உடைஞ்சாலும் தாள் இருக்குமே."

அவள் கட்லட் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். யாரும் கட்லட் சாப்பிடவேயில்லை.

பின்னேரம் சேந்தன் ஃபோனில் முகம் காட்டினார். அங்கே அவருக்குக் காலை. தலை வாரி, சட்டை போட்டு, வேலைக்குப் போகத் தயாராக நின்றார். முகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"வணக்கம் அன்ரி."

எனக்கு இந்த அன்ரி என்ற சொல் ஆகாது. பெண்ணுக்குப் பெரியம்மா என்றால் அவருக்கும் பெரியம்மாதான். பொறுத்துக்கொண்டேன்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"லேகோஸில ரெலிஃபோன் கோபுரம் போடுற கம்பனி அன்ரி. நைஜீரியா."

"சனி ஞாயிறு?"

"அக்ராவுக்குப் போவன். அது கானா."

"பக்கத்து நாடோ?"

"இடையில ரெண்டு நாடு இருக்கு. ஆனால் பிளேனில ஒரு மணித்தியாலம்தான்."

"எத்தினை மணிக்கு ஏறுவீர்?"

"வெள்ளி பின்னேரம் ஆறு."

"எத்தினை மணிக்கு இறங்குவீர்?"

"அங்க ஆறு மணி."

"ஆறுக்கு ஏறி ஆறுக்கு இறங்கிறதெண்டால் அது பிளேனோ, வாசல்படியோ?"

யமுனா சிரித்தாள். சேந்தனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"திரும்பி வரேக்க?"

"திங்கள் காலமை ஆறுக்கு ஏறினால் எட்டுக்கு லேகோஸ்."

போகும்போது ஒன்றும் இல்லை, வரும்போது இரண்டு மணித்தியாலம். ஒரே ஆகாயம்.

"அங்க என்ன அலுவல் தம்பி?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற தாயைப் பார்த்தார்.

"அங்கயும் ஒரு ஒஃபிஸ் இருக்கு அன்ரி."

திரும்பி வரும் வழியில் யமுனா விளக்கினாள். "நேர வித்தியாசம் பெரியம்மா. அக்ரா ஒரு மணித்தியாலம் பின்னுக்கு." நான் தலையாட்டினேன். விரும்பின பெண் மாப்பிள்ளைக்காகச் சொல்லும் கணக்கை அப்படியே எடுக்க நான் என்ன சின்னப்பிள்ளையா? என் தங்கையும் எத்தனையோ கணக்குச் சொன்னவள். ஓமந்தையில் சோதனை, வவுனியாவில் வரிசை, மதவாச்சியில் பஸ் மாற்றம் என்று விரல் விட்டு எண்ணி, தன் புருஷனுக்காக என்னோடு வாதாடியவள்.

மெல்பேணுக்கு ரயிலில் போவோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஆகாயத்தில் போனால் தூரம் தெரியாது. ரயில் காலையில் சுகமாகத்தான் வெளிக்கிட்டது. மாடுகள், வேலிகள், பிறகும் மாடுகள். ஆளைக் காணவில்லை. இவ்வளவு மாட்டையும் யார் கட்டி அவிழ்க்கிறார்கள் என்று யமுனாவிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இறைச்சி அடைத்த ஒரு பணியாரம் விற்றார்கள். நான் சுடுதண்ணீர் மட்டும் வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த மல்லிக் கோப்பியைக் கரைத்துக் குடித்தேன்.

மத்தியானம் போல ஏதோ ஒரு வெளியில் ரயில் நின்றது. முன்னுக்குத் தண்டவாளத்தில் வேலையாம். எல்லாரையும் இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. நம்முடைய ஊரென்றால் இதற்குள் இரண்டு பேர் சாரதியின் சட்டையைப் பிடித்திருப்பார்கள், ஒருவர் வடை விற்கத் தொடங்கியிருப்பார். இங்கே எல்லாரும் வரிசையாக நின்று குளிரில் கையைத் தேய்த்தார்கள். பின்னால் நின்ற கிழவர் மனைவியிடம் சொன்னதை யமுனா எனக்குச் சொன்னாள்: "கலியாணம் செய்த வருசமும் இதே இடத்தில்தான் நின்றோம். நீ அன்றைக்கும் என்னைத்தான் குற்றம் சொன்னாய்."

பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்து இருக்கையில் கருத்த, வாட்டசாட்டமான ஒரு பெண். தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள். மடியில் பெட்டி. மூடியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்த மணம் வந்தது. பழுத்த வாழைப்பழத்தைத் துண்டு துண்டாக வெட்டி இஞ்சியும் மிளகாயும் பிரட்டிப் பொரித்தது. நான் பார்ப்பதைக் கண்டு பெட்டியை நீட்டினாள். இவள் மாப்பிள்ளை வீட்டுக்காரி இல்லையே, எடுத்துச் சாப்பிட்டேன். நாங்கள் காயில் செய்வதை இவர்கள் பழத்தில் செய்கிறார்கள். உறைப்பும் இனிப்பும் நன்றாகத்தான் சேர்ந்தன.

"எந்த ஊர் எண்டு கேள் பிள்ளை."

யமுனா பெருமூச்சு விட்டுக் கேட்டாள். கேட்டவள் அப்படியே என் பக்கம் திரும்பினாள்.

"அக்ராவாம் பெரியம்மா."

பிள்ளையார் அனுப்பினாரா, மாப்பிள்ளை வீட்டார் அனுப்பினார்களா என்று ஒரு கணம் அவளை மேலும் கீழும் பார்த்தேன். அவள் பெயர் எசி. மெல்பேணில் மருத்துவிச்சி, சிட்னியில் தமக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். லேகோஸ் பற்றிக் கேட்டதும் உற்சாகமாகி விட்டாள். யமுனா ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னாள். கூட்டுகிறாளா குறைக்கிறாளா என்று நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூரம் நானூறு கிலோமீட்டர் அளவில் இருக்குமாம். எனக்கு உடனே பிடிபட்டது. யாழ்ப்பாணம் கொழும்புத் தூரம். விமானத்தில் ஒரு மணித்தியாலம் சரிதானாம். கடற்கரையோரத் தெருவால் போனால் ஒரு பகல் முழுக்கப் போகும், ஏனென்றால் மூன்று எல்லையில் இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு எல்லையிலும் பையைத் திற, கடவுச்சீட்டைக் காட்டு, அங்கே நில், இங்கே வா.

"ஓமந்தை மாதிரி மூண்டு" என்றேன். யமுனா அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் நான் பையைத் திறந்து காட்டுவது போலச் செய்ததும் எசி என் தொடையில் தட்டிச் சிரித்தாள்.

பிறகு ஆறு மணிக் கதையைக் கேட்டேன். எசி என் கையைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தாள். தன்னுடைய மணிக்கூட்டை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுடையதில் பின்னேரம், என்னுடையதில் இன்னும் மத்தியானம் ஆகவில்லை. இந்த நேரத்தில் இங்கே ஏறி உங்கள் ஊரில் இறங்கினால், இறங்கும்போது உங்கள் ஊரில் என்ன மணி என்று கேட்டாள். நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். வரும்போது விமானத்தில் எனக்குக் காணாமல் போன நேரம் இப்போது எங்கே என்று விளங்கியது. என் கையில்தான் இருந்தது.

ஆக அந்த ஆறு மணி பொய்யில்லை. நான் அதை ஒத்துக்கொண்டேன். யமுனாவின் முகம் மலர்ந்தது. அந்தச் சந்தோசத்தில் அவள் எசியிடம் ஏதோ நீளமாகச் சொன்னாள். சேந்தனைப் பற்றித்தான், பெயர் கேட்டது. எசி கேட்டுக்கொண்டிருந்து ஒரு சின்ன வசனம் சொன்னாள். யமுனா பேசுவதை நிறுத்தினாள்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை."

"பிள்ளை."

யமுனா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "சனி ஞாயிறு அங்க ஒஃபிஸ் பூட்டாம். எல்லாரும் சேர்ச்சுக்குத்தான் போறவையாம்."

மெல்பேண் வரும்வரைக்கும் அவள் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. நான் நினைத்தது பிழையில்லை என்று எனக்குள் ஒரு சின்னத் திமிர் எழுந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

மெல்பேண் குளிர் சிட்னிக் குளிர் மாதிரியில்லை. உடுப்புக்குள்ளே கை விட்டுத் தேடி வருகிற குளிர். கிளேட்டனில் யமுனாவின் வீடு சின்னது. மரங்களில் ஓர் இலை இல்லை. கடையில் முருங்கைக்காய் ஐஸ் கட்டிக்குள் கிடந்தது. அதைக் கொதிக்க வைத்தால் முருங்கைக்காய் மணக்கும், ருசிக்காது. காலையில் அவள் வேலைக்குப் போனதும் நான் ஜன்னலில் இருந்து தெருவைப் பார்ப்பேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு தனக்குத்தானே கதைத்தபடி போவார்கள். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் ஒவ்வொரு நாளும் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்து மூடுவார். அவருக்கும் யாரிலோ சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

யமுனா சேந்தனிடம் கேட்கவில்லை. எனக்கு அது தெரிந்தது, ஏனென்றால் இரவில் அவர்கள் பேசும்போது சிரிப்புக் குறைந்திருந்தது. ஒரு நாள் தோசை சுட்டுக்கொண்டு நான் சொன்னேன்.

"நீ கேளன்."

"கேட்டு அவர் பொய் சொன்னால்?"

"சொன்னால் தெரிஞ்சிடும்."

"அம்மாவும் ஒருநாளும் கேக்கேல்லை பெரியம்மா. ஏன் கேக்கேல்லை எண்டு எனக்கு இப்பதான் விளங்குது."

தோசை கருகிவிட்டது. இருவரும் கருகலைச் சுரண்டிச் சாப்பிட்டோம்.

அந்தக் கிழமை முடிவில் பவானி சிட்னியிலிருந்து வந்தாள், என் முடிவைக் கேட்கத்தான். நான் அவளை வீட்டில் வைத்துக் கேட்க விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருந்து, கோயிலில் மோட்ச விளக்கேற்றும் நாள். மூன்று பேரும் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனோம். யமுனா கார் ஓட்டினாள். வழியெல்லாம் பவானி அழகான மருமகளைப் பார்ப்பது போல அவளைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பார்வையில் கள்ளம் இருக்கிறதா என்று நான் பவானியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோயிலில் சனம். வேட்டிக்கு மேலே தடித்த குளிர்ச்சட்டை, காலில் காலுறை. குளிருக்குச் சாமி மன்னிப்பார். ஆம்பிளைகள் வரிசையாக நின்று தகப்பன் பெயரைச் சொல்ல, ஐயர் அதைத் திருப்பிச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விளக்கு எரிந்தது. எனக்கு முன்னால் நின்ற நரைத்த மனிதர் தகப்பன் பெயரைச் சொல்லும்போது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார்.

நான் பவானியிடம் திரும்பினேன்.

"தம்பி தூரத்தில இருக்கிறார். அவருக்குப் பதிலா நீங்கள் ஏத்துங்கோ தங்கச்சி. தகப்பனுக்கு ஒரு விளக்கு."

நல்லதென்று நினைத்துத்தான் சொன்னேன். சோதித்துப் பார்க்கவும்தான் சொன்னேன். இரண்டும் உண்மை.

அவள் மறுக்கவில்லை. வரிசையில் வந்தாள். விளக்கைக் கையில் வாங்கினாள். ஐயர் "பேரைச் சொல்லுங்கோ அம்மா" என்றார். அவளுடைய வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஐயர் மறுபடியும் கேட்டார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் திரியை எண்ணெயில் தொட்டாள், பிறகு கையை எடுத்தாள். விளக்கை ஏற்றாமல், தட்டில் கவிழாமல் மெதுவாக வைத்துவிட்டு, வாசல் பக்கம் நடந்தாள்.

செருப்பு வைக்கிற இடத்தில் அவளைக் கண்டேன். மர வாங்கில் உட்கார்ந்து யாருடையதோ சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். யமுனா உள்ளே அர்ச்சனைக்கு நின்றாள்.

"அவர் இருக்கிறார் அக்கா" என்றாள்.

"எங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"அக்ராவில."

அவளே சொன்னாள்.

"மீன் கம்பனி வேலைக்கெண்டு போனவர். அங்கயே ஒருத்தியோட இருந்திட்டார். நான் பிள்ளையைக் கொண்டு அண்ணாட்டை சிட்னிக்கு வந்தனான். செத்திட்டார் எண்டு சொன்னால் சனம் ரெண்டு நாள் அழுதிட்டு விட்டிடும். விட்டிட்டுப் போனார் எண்டால் சாகும்வரைக்கும் கேக்கும். அதால சொன்னன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரிப் போச்சு. படத்துக்கு மாலை போட மட்டும் கை வரேல்லை. இண்டைக்கு விளக்குக்கும் வரேல்லை. உயிரோட இருக்கிறவருக்கு எப்பிடி அக்கா ஏத்துறது?"

"தம்பி எப்பிடி அறிஞ்சவர்?"

"அந்தப் பொம்பிளை செத்திட்டாள், அவருக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது எண்டு அவளுக்குப் பிறந்த பெட்டைதான் இவனைத் தேடிப் பிடிச்சு அறிவிச்சவள். இவன் அக்ராவில வேலை தேடினான். கிடைக்கேல்லை. கிட்டக் கிடைச்சது லேகோஸ். கிழமை நாளில பெட்டை பாக்கிறாள். சனி ஞாயிறு இவன் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திப் போட்டு வாறான். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு நான்தான் சத்தியம் வாங்கினனான். யமுனாவுக்கும்."

வாரத்துக்கு வாரம் ஓர் ஆம்பிளை விமானமேறிப் போகிற இடத்தில் இரண்டாவது வீடு ஒன்று இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இருந்தது. ஆளைத்தான் நான் பிழையாகப் பிடித்திருந்தேன்.

எனக்கு அவளில் கோபம் வந்தது, வராமலும் இருந்தது. என் தங்கை ஊருக்கு நடுவில் இருந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். சொல்லிச் சொல்லித்தான் மெலிந்தாள். இவள் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பிள்ளையை வளர்த்தாள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை.

"யமுனாவுக்கு நீங்களே சொல்லுங்கோ" என்றேன். "இண்டைக்கே. நான் சொன்னால் அது கோள் மாதிரிப் போகும்."

"அவள் வேண்டாமெண்டால்?"

"வேண்டாமெண்டும் சொல்லுவாள். அதுக்காகச் சொல்லாமல் விடேலாது. என்ரை ஓமும் அதுக்குப் பிறகுதான்."

மத்தியானம் கோயில் மண்டபத்தில் சோறு போட்டார்கள். பூசணிக்காய், பருப்பு, ஒரு பாயசம். பவானியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். அது சாமியின் வீடு, மாப்பிள்ளை வீடில்லை, ஆகவே என் கட்டுப்பாடு கெடவில்லை. பவானி பாயசத்தைத் தொடவில்லை.

பிறகு கார்களுக்கு நடுவில் நின்று அவள் யமுனாவிடம் பேசினாள். நான் தூரத்தில் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. யமுனாவின் கை கார்க் கூரையில் இருந்தது. நெடுநேரம் அங்கேயே இருந்தது. ஒருதடவை அவள் இங்கிலீஷில் சத்தமாக ஏதோ கேட்டாள். பவானி தலையைக் குனிந்தாள்.

திரும்பி வரும்போது பவானி பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றபோது யமுனா தெருவைப் பார்த்தபடி கேட்டாள்.

"பெரியம்மா, அப்பா சிலாபத்தில ஏலாமல் கிடந்தால் நான் போவனோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"எனக்கும் தெரியாது." பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார். "ஆனால் இவர் போறார்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சேந்தனோடு பேசும் சத்தம் கேட்டது. அழுகை கேட்டது, ஏச்சும் கேட்டது. பவானியும் நானும் குசினியில் எதிரெதிராக இருந்தோம். அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பெண் வீட்டில் மாப்பிள்ளையின் தாய் குடிக்கலாமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடித்தாள்.

கதவு திறந்தது. யமுனாவின் கண் வீங்கியிருந்தது. ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் கதையுங்கோ. நான் கதைச்சு முடிஞ்சுது."

முடிந்தது என்றால் எப்படி முடிந்தது என்று அவளுடைய முகத்தில் தேடினேன். அவள் போய்ப் பவானியின் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேன்.

ஃபோனில் சேந்தன். தலை வாரவில்லை, சட்டையில் ஏதோ கொட்டியிருந்தது. அக்ராவில் ஞாயிறு காலை. அவருக்குப் பின்னால் கட்டில் விளிம்பும், போர்வைக்கு வெளியே மெலிந்த ஒரு காலும் தெரிந்தன. பக்கத்தில் ஒரு கோப்பையில் ஆவி பறந்தது. கஞ்சியாக இருக்க வேண்டும்.

"அன்ரி, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்" என்றார்.

"தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒஃபிஸ் பூட்டு."

ஒரு பொய் சொல்லத் தெரிந்தவருக்கு இன்னொன்றும் சொல்லத் தெரியும். நான் ஊருக்குப் போன பிறகும் ஓர் ஒற்றைக் கண்ணை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் அப்போது என் கண் போனது அந்தக் கோப்பைக்கு.

"கொப்பர் சாப்பிட்டாரோ?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இனித்தான், பெரியம்மா."

"கஞ்சி ஆறப்போகுது. தீத்திப் போட்டு ஃபோன் எடும். நாங்கள் இருக்கிறம்."